‘பெட்டர் கால் சால்’ தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: சரிவைப் படிப்படியாகக் கவனிக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் 2015 பிப்ரவரி முதல் 2022 ஆகஸ்ட் வரை 6 சீசன்களில் 63 எபிசோடுகளாக ஒளிபரப்பான ‘பெட்டர் கால் சால்’, அதற்கு முன் வெளிவந்த ‘பிரேக்கிங் பேட்’ என்னும் குற்றத் தொடரின் முன்கதை. வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் சேர்ந்து உருவாக்கிய இத்தொடர், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் 2002-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மூலத் தொடரில் போதைப்பொருள் வியாபாரிகளின் வழக்கறிஞராக வரும் சால் குட்மேன், இங்கே ஜிம்மி மெக்கில் என்ற தம் சொந்தப் பெயரில் இருக்கிறார். வசதியற்றவர்களுக்காக அரசு ஒதுக்கும் வழக்குகளை ஒன்றுக்கு 700 டாலர் என்ற கணக்கில் வாதாடி, ஒரு நகப்பூச்சு அழகு நிலையத்தின் பின்னறையில் அலுவலகமும் படுக்கையுமாகக் காலத்தைத் தள்ளுகிறார்.

துப்பாக்கிச் சூட்டையும் துரத்தலையும் எதிர்பார்த்து வருபவர்களில் பலர், தொடர் மெதுவாக நகர்கிறது என்று சொல்லி முதல் சீசனிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இத்தொடரில் எவரும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. அவர்கள் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் நம்பத்தக்க ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது அன்பாகவோ, நியாயமான ஒரு மனக்குறையாகவோ இருக்கிறது. ஆகவே தவறு நிகழும் கணத்தைவிட, அதற்குப் பிறகு வரும் காட்சியே இங்கு முக்கியமானது. செய்தவர் அதோடு எப்படி வாழப் பழகுகிறார் என்பதும், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதும் அங்கேதான் தெரியவரும். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் தொடரின் நிதானம் குறையாகத் தோன்றாது.

கதையின் முக்கியமான திருப்பங்களைத் தொடாமல் இதை விளக்க முடியாது. ஆகவே முதல் இரண்டு படிகளை இப்போதே படியுங்கள். இரண்டாம் படியில் தொடக்க எபிசோடுகளின் ஒரு நிகழ்வு மட்டுமே வருகிறது. மற்றவற்றை, அந்தந்தப் படியில் சொல்லியிருக்கும் இடத்தை எட்டிய பிறகு திரும்பி வந்து படிப்பது நல்லது.

முதல் படி: பார்க்கும் வரிசை

முன்கதை என்பதால் இதையே முதலில் பார்க்கலாம் என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் 62 எபிசோடுகளையும் முடித்துவிட்டே இதற்கு வாருங்கள். இத்தொடரின் இறுதிப் பகுதி மூலக் கதை முடிந்த பிறகு நடப்பது. மூலத்தை அறியாதவருக்கு அது புரியாது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஜிம்மி எங்கே போய்ச் சேருவார் என்பதை முன்பே அறிந்தவர், ‘என்ன ஆகும்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘எப்படி ஆனார்’ என்ற கேள்வியோடு பார்க்கத் தொடங்குகிறார். ஒரு முன்கதை தரக்கூடிய தனிப்பயன் அதுதான். அதே சமயம் ஜிம்மியின் தோழியும் வழக்கறிஞருமான கிம், அண்ணன் சக், அண்ணனின் சட்ட நிறுவனப் பங்குதாரர் ஹோவர்ட், போதைப்பொருள் கும்பலில் இருக்கும் நாச்சோ ஆகியோர் மூலத் தொடரில் தலைகாட்டுவதே இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கவலை ஒவ்வொரு சீசனிலும் கூடிக்கொண்டே போகும்.

ஓடும் வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். பேச்சே இல்லாத காட்சிகள் இத்தொடரில் மிகுதி, முடிவுகள் பலவும் அவற்றில்தான் எடுக்கப்படுகின்றன. கைபேசியைப் பார்த்துக்கொண்டே வசனத்தை மட்டும் காதில் வாங்குபவருக்குக் கதையில் பாதி போய்விடும்.

இரண்டாம் படி: ஒரு குறிப்பேடு

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் செய்த செயல், இரண்டாவதில் செய்தவர் அதற்குச் சொல்லும் காரணம், மூன்றாவதில் அதற்காக இழந்தவர் யார் என்பது. எபிசோடுக்கு ஓரிரு வரிகள் எழுதினாலே போதும்.

எப்படி எழுதுவது என்பதற்கு முதல் சீசனின் 2-ஆவது எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஜிம்மி ஏற்பாடு செய்த ஒரு சிறு மோசடி தவறிப்போய், அவருக்காக வேலை செய்த இரண்டு இளைஞர்கள் ட்யூகோ சலமான்கா என்னும் கொடியவனிடம் சிக்கிக்கொள்கிறார்கள். பாலைவனத்தில் இருவரையும் கொன்றுவிடத் துடிக்கும் ட்யூகோவிடம் ஜிம்மி பேசிப் பேசி, தண்டனையை ஆளுக்கு ஒரு கால் எலும்பு முறிவு என்ற அளவுக்குக் குறைக்கிறார். செயல்: ஏமாற்று; காரணம்: பணமுடை; இழந்தவர்கள்: அந்த இளைஞர்கள். ஆனால் அவர்களுடைய உயிரைக் காத்தவரும் அவரே என்பதையும் அதே வரியில் எழுத வேண்டியிருக்கும். அடுத்து வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள். ஓர் உணவகத்தில் பக்கத்தில் இருப்பவர் மொறுமொறுப்பான ரொட்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடிக்கிறார். அந்த ஓசை காதில் விழுந்ததும் ஜிம்மி கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுக்கிறார். அவருடைய மனசாட்சி அந்த நேரத்தில் உடம்பிலேயே வேலை செய்கிறது. குறிப்பேட்டின் ஓரத்தில் ‘உடம்பு’ என்று குறித்து வையுங்கள். அந்த உடம்பு எப்போது மரத்துப்போகிறது என்பதைத்தான் இனி வரும் ஐந்தரை சீசன்களிலும் தேடப்போகிறீர்கள்.

மூன்றாம் படி: அண்ணனும் தம்பியும் (3-ஆவது சீசனை முடித்த பிறகு)

ஜிம்மியின் அண்ணன் சக் மெக்கில், ஊரில் பெயர்பெற்ற சட்ட நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். மின்சாரம் தம் உடலைத் தாக்குகிறது என்று நம்பி, விளக்கும் தொலைபேசியும் இல்லாத வீட்டில் அடைந்து கிடக்கிறார். மளிகைச் சாமான், பனிக்கட்டி, நாளிதழ் என்று எல்லாவற்றையும் தம்பிதான் கொண்டுவந்து கொடுக்கிறார். அப்படிப் பணிவிடை செய்யும் தம்பியைத் தம் நிறுவனத்தில் வழக்கறிஞராகச் சேர்க்கக் கூடாதென்று மறைவில் தடுத்துவந்தவர் சக்தான் என்பது முதல் சீசனின் 9-ஆவது எபிசோடில் வெளிப்படுகிறது. அதுவரை அந்தப் பழியை ஹோவர்ட் ஹாம்லின் சுமந்து நிற்கிறார்.

இங்கே அவசரப்பட்டுக் கட்சி சேர்ந்துவிடாதீர்கள். சக் சொல்லும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை உண்மை. கிம்முக்கு வர வேண்டிய வங்கி வழக்கை சக் பறித்துக்கொண்டதும், ஜிம்மி ஆவணங்களில் 1216 என்ற கதவெண்ணை 1261 என்று வெட்டி ஒட்டி நகலெடுத்து அண்ணனை அவமானப்படுத்துகிறார். ஒழுங்கு விசாரணையில் அதைப் பற்றிப் பேசும்போது, 1215-இல் இங்கிலாந்தில் உருவான உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவுக்கு அடுத்த ஆண்டின் எண்ணைத் தாம் எப்படி மறப்பேன் என்று சக் குமுறுகிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதைச் சொல்லும் முகத்தில் பல ஆண்டுக் காழ்ப்பு வெளியே வந்துவிட, சரியாகச் சொன்னவரே தோற்றுப்போகிறார். என் கணிப்பில் சக்கும் சரிந்தவர்தான். சட்டத்தை நேசித்த மனிதர், அந்தச் சட்டத்தைக் கொண்டே தம்பியைக் கீழேயே வைத்திருக்க முயன்றார். அவர் ஒரு சட்டத்தையும் மீறாததால் அந்தச் சரிவு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை.

மூன்றாம் சீசனின் 7-ஆவது எபிசோடை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். உரிமம் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட ஜிம்மி, காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார். அது கிடைக்காது என்று தெரிந்ததும் தேம்பி அழுகிறார். அழுகைக்கு நடுவே, அண்ணனின் மனநிலை சரியில்லை, தொழிலில் தவறுகள் செய்கிறார் என்று வாய் தவறிச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறார். எழுந்து திரும்பி வெளியே நடக்கும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். அழுத சுவடே அதில் இருக்காது. அந்த ஒரு பேச்சால் நிறுவனத்தின் காப்பீட்டுக் கட்டணம் உயர்கிறது, ஹோவர்ட் தம் கைப்பணத்தைக் கொடுத்து சக்கை வெளியேற்றுகிறார், சீசன் முடிவில் சக் தம் வீட்டோடு எரிந்து போகிறார். மூன்றாவது பத்தியில் சக் பெயரை எழுதுங்கள்; எழுதிய பக்கத்தை மடித்து வையுங்கள்.

அதே சீசனின் இறுதியில் ஐரீன் என்ற மூதாட்டியின் கதையும் வருகிறது. கூட்டு வழக்கில் சமரசத் தொகை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தோழிகள் அவரை ஒதுக்கும்படி ஜிம்மி கோள்மூட்டுகிறார். பிறகு மனம் கேளாமல், அந்த முதியவர்கள் எல்லோரும் கேட்கும்படி தம் குட்டைத் தாமே உடைத்து, அவர்களிடம் சேர்த்து வைத்த நற்பெயரையும் இழக்கிறார். தம் நட்டத்தில் பிறர் துன்பத்தை அவர் சரிசெய்யும் இப்படிப்பட்ட காட்சி, அதற்குப் பிறகு கடைசி எபிசோடு வரை கிடைப்பது அரிது.

நான்காம் படி: மைக் (4-ஆவது சீசனை முடித்த பிறகு; இதன் கடைசிப் பத்தியை மட்டும் தொடரை முடித்த பிறகு)

மைக் எர்மன்ட்ராட் பிலடெல்பியாவில் காவலராக இருந்தவர். தாமும் கறைபட்ட காவலர் என்பதை, நேர்மையான தம் மகன் மாட்டிடம் சொல்லி, லஞ்சப் பணத்தை வாங்கிக்கொள்ளச் செய்தவர். மாட் தயங்கியதால் சக காவலர்களே அவரைக் கொன்றார்கள். முதல் சீசனின் 6-ஆவது எபிசோடு முழுவதும் இந்தக் கதைதான். மைக்காக நடிக்கும் ஜோனதன் பேங்க்ஸ், மருமகளிடம் அதைச் சொல்லி உடையும் இடம், தொடரிலேயே நடிப்பின் உச்சங்களில் ஒன்று.

மைக்குக்கென்று சில வரம்புகள் உண்டு. குற்ற உலகில் இல்லாதவர்மீது கை வைக்கக் கூடாது, சொன்ன சொல் தவறக் கூடாது. அந்த வரம்புகளைப் பார்த்து நமக்கு அவர்மீது மதிப்பு வந்துவிடுகிறது. ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. 2-ஆவது சீசனில் ட்யூகோவைக் கொல்ல மறுத்து, தாம் அடிபட்டு அவரைச் சிறைக்கு அனுப்புகிறார். பிறகு யாரையும் கொல்லாமல் ஒரு லாரியைக் கொள்ளையடிக்கிறார். ஆனால் கட்டுண்டு கிடந்த ஓட்டுநருக்கு உதவ வந்த ஒரு வழிப்போக்கர் கொல்லப்படுகிறார். மைக்கின் வரம்புகள் அந்த அப்பாவியைக் காப்பாற்றவில்லை. 4-ஆவது சீசனின் முடிவில், மனைவியைப் பார்க்கும் ஏக்கத்தில் தப்பியோடிய வெர்னர் என்ற ஜெர்மானியப் பொறியாளரை, நட்சத்திரங்களுக்குக் கீழே நிறுத்தித் தம் கையாலேயே சுடுகிறார். வெர்னர் குற்றவாளி அல்ல, நண்பர்.

6-ஆவது சீசனின் 9-ஆவது எபிசோடில் நாச்சோவின் தந்தை மைக்கிடம் பேசும் சில வரிகளை அப்போது கவனித்துக் கேளுங்கள். மைக் நீதி கிடைக்கும் என்கிறார். நீங்கள் பேசுவது பழிவாங்கல், நீங்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று அந்த முதியவர் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார். இருக்கை உறை தைக்கும் அந்தத் தொழிலாளிக்கு மைக்கின் வரம்புகள் ஒரு பொருட்டே அல்ல. காலப்பயணம் செய்ய முடிந்தால் எந்த நாளுக்குப் போவீர்கள் என்று இறுதி எபிசோடில் ஜிம்மி கேட்க, மைக் முதலில் 2001-ஆம் ஆண்டின் ஒரு தேதியைச் சொல்கிறார். பிறகு அதை மாற்றிக்கொண்டு 1984 மார்ச் 17 என்கிறார்; அவர் முதன்முதலாக லஞ்சம் வாங்கிய நாள் அது.

ஐந்தாம் படி: கிம் (6-ஆவது சீசனின் 9-ஆவது எபிசோடுக்குப் பிறகு)

தொடரின் நெஞ்சம் கிம் வெக்ஸ்லர்தான் என்பது என் உறுதியான கருத்து. ரேயா சீஹார்ன் ஏற்ற இந்தப் பாத்திரம், கடும் உழைப்பும் நேர்மையும் சட்ட அறிவும் ஒருங்கே கொண்ட ஒருவர். அவரை யாரும் மிரட்டவில்லை, வறுமையும் தள்ளவில்லை. ஆகவே அவருடைய சரிவைப் படிப்பதற்குத்தான் குறிப்பேட்டில் நிறைய இடம் விட வேண்டும்.

2-ஆவது சீசனின் தொடக்கத்தில் ஜிம்மியோடு சேர்ந்து, ஒரு மதுவிடுதியில் தற்பெருமை பேசும் முதலீட்டுத் தரகரை ஏமாற்றி விலையுயர்ந்த டெக்கீலாவைக் குடிக்கிறார். வெறும் விளையாட்டு. அந்தப் புட்டியின் மூடியை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்கிறார். 4-ஆவது சீசனில், சிறைக்குப் போகவிருந்த, ஜிம்மியின் கையாளான ஹியூலைக் காப்பாற்றப் பொய்க் கடிதங்களை ஏராளமாக அனுப்பி அரசு வழக்கறிஞரைக் குழப்புகிறார். இங்கே காரணம் நல்லது, விளைவும் நல்லது. அந்த வெற்றிக்குப் பிறகு ஜிம்மியிடம், இன்னொரு முறை செய்வோம் என்று கேட்பவர் கிம், ஜிம்மி கேட்கவில்லை. இந்த இடத்தை அடிக்கோடிடுங்கள். 5-ஆவது சீசனின் முடிவில், ஹோவர்டின் வாழ்க்கையைக் குலைத்துக் கூட்டு வழக்கைச் சமரசத்தில் முடித்து, வரும் பணத்தில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அலுவலகம் நடத்தலாம் என்று திட்டமிடுபவரும் கிம்தான். அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தயங்கி நிற்பவர் ஜிம்மி. இருவரும் இடம் மாறிவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் ஏழைகளுக்கான உதவி என்ற காரணம் உண்மையானது, அவர் நடிக்கவில்லை. ஆனால் 6-ஆவது சீசனின் 6-ஆவது எபிசோடில், அதே இலவசச் சட்டப் பணிக்கு ஆதரவு தரக்கூடிய ஓர் அறக்கட்டளைச் சந்திப்புக்காக அவர் சான்டா ஃபே நோக்கிக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஹோவர்டுக்கு எதிரான திட்டத்தில் ஒரு தடை வந்துவிட்டதாகவும் வேறொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஜிம்மி தொலைபேசியில் சொல்கிறார். கிம் ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆல்புகெர்க்கிக்கே வந்துவிடுகிறார். எந்த நோக்கத்துக்காக மோசடி செய்வதாகச் சொன்னாரோ, அந்த நோக்கத்தை நேர்வழியில் அடையும் வாய்ப்பு கையில் இருந்தபோதே அதை விட்டுவிட்டார். இரண்டாவது பத்தியில் எழுதிய காரணம் வெறும் போர்வை என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

அதே எபிசோடின் தொடக்கத்தில் வரும் பழைய காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். கடையில் நகை திருடிப் பிடிபட்ட சிறுமி கிம்மை, தாய் மேலாளர் முன்னிலையில் கடுமையாகத் திட்டுகிறார். வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே, அதே காதணிகளைத் தான் எடுத்து வந்துவிட்டதைக் காட்டுகிறார். முந்தைய சீசனில், குடித்துவிட்டு வந்த அதே தாயின் காரில் ஏற மறுத்து இருட்டில் தனியாக நடந்த சிறுமியும் இவர்தான். எது உண்மையான கிம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரண்டும்தான்.

அடுத்த எபிசோடில், தம்மை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வந்த ஹோவர்ட், அவர்கள் வீட்டு வரவேற்பறையிலேயே, ட்யூகோவின் குடும்பத்தைச் சேர்ந்த போதைப்பொருள் கும்பல்காரன் லாலோ சலமான்காவின் தோட்டாவுக்கு இரையாகிறார். ஹோவர்ட் இறந்ததைவிட எனக்குத் தாங்க முடியாததாக இருப்பது 9-ஆவது எபிசோடின் நினைவஞ்சலிக் காட்சி. சந்தேகத்தோடு கேள்வி கேட்கும் ஹோவர்டின் மனைவியிடம், அவர் போதைப்பொருள் உறிஞ்சியதை ஒருநாள் இரவு தாம் பார்த்ததாகக் கிம் மெல்லிய குரலில் பொய் சொல்கிறார். இறந்த மனிதரின் நற்பெயரைக் கணவனை இழந்தவளிடமே இரண்டாம் முறை கொல்கிறார். பிறகுதான் வழக்கறிஞர் உரிமத்தையும் ஜிம்மியையும் விட்டு விலகுகிறார். லாலோ உயிரோடு இருப்பது முன்பே தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், ஏனென்றால் அந்த விளையாட்டு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று அவர் ஒப்புக்கொள்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடரில் வேறு யாரும் தம் காரணத்தை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஹோவர்டைப் பற்றி உங்களுக்கும் ஒரு கேள்வி வைக்கிறேன். கழுத்துப்பட்டையும் பளபளப்பான காருமாக வரும் அவரை முதல் எபிசோடிலிருந்தே வெறுக்கத் தொடங்கி, ஜிம்மி அவரை அவமானப்படுத்தியபோதெல்லாம் நீங்களும் ரசித்திருந்தால், குறிப்பேட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டி, அவர் உண்மையில் யாருக்கு என்ன தீங்கு செய்தார் என்று தேடுங்கள். கிம்மை ஆவணக்கிடங்குக்குத் தள்ளியது போன்ற சில சிறுமைகள் கிடைக்கும். கொலைக்குத் தகுந்ததாக எதுவும் கிடைக்காது.

நாச்சோவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மற்றவர்கள் இறங்கிப் போகும் அதே பாதையில், தந்தையின் உயிருக்காக மேலே ஏற முயன்ற ஒரே மனிதர் அவர்.

ஆறாம் படி: கறுப்பு வெள்ளை எபிசோடுகள் (தொடரை முழுவதும் முடித்த பிறகு)

கடைசி நான்கு எபிசோடுகள் பெரும்பாலும் 2010-இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் கறுப்பு வெள்ளையில் நடக்கின்றன. ஜிம்மி இப்போது ஜீன் என்ற போலிப் பெயரில், சினபன் என்னும் இனிப்பு ரொட்டிக் கடை ஒன்றின் மேலாளர். 11-ஆவது எபிசோடில் அவருடைய திருட்டுக்கு இலக்காகும் மனிதர் ஒரு புற்றுநோயாளி என்று தெரிந்ததும், கூட்டாளிகளில் ஒருவர் மனமிளகி வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். ஜீன் நிறுத்தாமல் தாமே கதவை உடைத்து உள்ளே போகிறார். இரண்டாம் படியில் ‘உடம்பு’ என்று குறித்தீர்கள் அல்லவா, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். ரொட்டிக் குச்சி ஒடியும் ஓசைக்கு வாந்தி எடுத்தவர், அடுத்த எபிசோடில் அந்த நோயாளியைத் தாக்கக் கனமான ஒரு பொருளைக் கையில் ஓங்குகிறார். இடையில் 5-ஆவது சீசனின் 7-ஆவது எபிசோடையும் வைத்துப் பாருங்கள்: லாலோவுக்கு 70 லட்சம் டாலர் ஜாமீன் வாங்கிக் கொடுக்கும் நாளில், லாலோ கொன்ற இளைஞனின் பெற்றோரைப் பார்த்து அவர் நிலைகுலைகிறார், ஆனால் அந்தக் குற்றவுணர்வு கோபமாக மாறி, சம்பந்தமில்லாமல் எதிரே வந்த ஹோவர்டின்மேல் பாய்கிறது.

கடைசி எபிசோடில் பிடிபட்ட பிறகு, ஆயுள் தண்டனையோடு 190 ஆண்டுகள் என்ற நிலையிலிருந்து பேரம் பேசி 7 ஆண்டுகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். கிம் ஏற்கனவே ஹோவர்டின் மனைவியிடம் உண்மையைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்துவிட்டதை அறிந்ததும், அவரை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, அவர் முன்னிலையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு 86 ஆண்டுகளை வாங்கிக்கொள்கிறார். அந்த வாக்குமூலத்தில், எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லாத ஒன்றையும் சொல்கிறார்: காப்பீட்டு அலுவலகத்தில் அண்ணனைப் பற்றிச் சொன்னது. அது குற்றமே இல்லையே என்று உடனிருக்கும் வழக்கறிஞர் சொல்ல, அவர் அதை மறுக்கிறார். மூன்றாம் படியில் நீங்கள் மடித்து வைத்த பக்கத்தை இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

நேரம் இருப்பவர்கள், சில வாரங்கள் கழித்து ஐந்து எபிசோடுகளை மட்டும் இதே வரிசையில் மறுபடி பாருங்கள்: முதல் சீசனின் 2-ஆவது, மூன்றாவது சீசனின் 7-ஆவது, நான்காவது சீசனின் முதல், ஐந்தாவது சீசனின் 7-ஆவது, ஆறாவது சீசனின் 11-ஆவது. நான்காவது சீசனின் முதல் எபிசோடில், சக்கின் மரணத்துக்குத் தாமே காரணம் என்று கலங்கும் ஹோவர்டிடம் அந்தச் சிலுவையை நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஜிம்மி மீன்களுக்கு இரை போட்டு, சீழ்க்கையடித்தபடி காப்பி போடுகிறார். அந்த நேரத்தில் திரையில் ஜிம்மியைப் பார்க்காமல், பின்னால் அவரைத் திகைத்துப் பார்க்கும் கிம்மின் முகத்தை மட்டும் பாருங்கள்.